பதினோராம் பொருத்தம்

தமயந்தியின் வலது கை பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தது. இடது கை அதன் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சோலைராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்ட பெண்ணின் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் புருஷன் எந்தக் கையின் பக்கம் பேசுவது?

“இந்த எடது கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க,” என்றாள் தமயந்தி. “போகட்டும் விடுங்க. நம்ம வீட்டுல ஒருத்தராவது அப்படி இருக்கணும்ல.”

வாய் மட்டும் அச்சு அசல் பழைய தமயந்திதான். அந்த வாயை நம்பித்தான் அவர்கள் கடையே நடந்தது. சிம்மக்கல் பக்கம் அவர்களுடையது ஒளித்துணிக் கடை. ஃபிளெக்ஸ் பேனரை அரசாங்கம் ஒழித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மதுரைக்காரன் பேனர் வைப்பதை எந்த அரசாங்கம் வந்து ஒழிக்க முடியும்? பிளாஸ்டிக் போய்த் துணி வந்தது, துணியில் படம் அசைந்தது, இருட்டினால் தானாக மின்னியது. மற்றபடி காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு என்று எல்லாம் அப்படியேதான் இருந்தது. படத்துக்குக் கீழே நாலு பேர் நின்று படிக்கிற மாதிரி ஒரு வரி வேண்டும் என்பதும் மாறவில்லை. அந்த வரியை எழுதுகிறவள் தமயந்தி. மிஷினையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறவன் சோலைராஜ்.

ஒரு மாநாட்டுப் பந்தலின் முகப்பில் கட்டிய துணியில் தலைவர் பெயரின் முதல் எழுத்து மின்னவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் சோலைராஜ் டீக்கடைக்குப் போனான். திரும்பி வருவதற்குள் தமயந்தி ஏணியில் ஏறியிருந்தாள். எழுத்து மின்னியது. அவள் தரையில் கிடந்தாள்.

எலும்பு எதுவும் முறியவில்லை. மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டுகிற நரம்புக் கட்டுதான் அறுந்திருந்தது. பேச்சு ஒரு பாதியில் இருக்கிறது, இடது கையை ஆட்டுவது மறுபாதி, இப்போது இந்தப் பாதி நினைப்பது அந்தப் பாதிக்குப் போய்ச் சேர்வதில்லை என்று டாக்டர் ஹெப்சிபா விளக்கினாள். சோலைராஜ் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினான். என்ன புரிந்தது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பான்.

“பயப்படாதீங்க. அறுந்த இழையத் திரும்ப வளர்க்க மருந்து இருக்கு,” என்றாள் டாக்டர். “ஆனா எங்கிட்டுப் போகணும்னு இழைக்குத் தெரியாது. கொடிக்குப் பந்தல் போடுற மாதிரி நாமதான் வழி காட்டணும். அதுக்கு அவங்களோட பழைய படம் வேணும். கல்யாணத்துக்கு எடுத்திருப்பீங்கல்ல?”

எடுக்காமல் எப்படி? படம் எடுக்காமல் இந்தக் காலத்தில் யார் பெண் தருகிறார்கள்?

விஷயம் இதுதான். மூளைக்குள் ஓடும் இழைகளை நிறம் நிறமாகப் படம் பிடிக்கும் மிஷின் வந்தபோது, ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்றைச் சொன்னார்கள். ஆண்களின் மூளையில் முன்னும் பின்னுமாக ஓடும் இழை கொஞ்சம் கூடுதல், பெண்களின் மூளையில் இரண்டு பாதிக்கும் குறுக்கே ஓடும் இழை கொஞ்சம் கூடுதல் என்றார்கள். ‘கொஞ்சம்’ என்று அவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நம் ஆட்கள் அதற்கு நெடுக்கு நூல், குறுக்கு நூல் என்று பெயர் வைத்து, பத்துப் பொருத்தத்தோடு பதினோராம் பொருத்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நெடுக்கு நூல் என்றால் திட்டம், கணக்கு, கட்டுப்பாடு. குறுக்கு நூல் என்றால் கற்பனை, கலை, கனிவு. பையனுக்கு நெடுக்கு ஓட வேண்டும், பெண்ணுக்குக் குறுக்கு ஓட வேண்டும். பெண்ணுக்கு நெடுக்கு ஓடினால் அடங்க மாட்டாள். பையனுக்குக் குறுக்கு ஓடினால் கவிதை எழுதியே சொத்தை அழிப்பான். இதையெல்லாம் எந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் தரகர்கள் சிரிப்பார்கள்.

சோலைராஜ், தமயந்தி ஜோடிக்குப் பதினோராம் பொருத்தம் பிரமாதமாக இருந்தது. அவன் படத்தில் ரயில் தண்டவாளம் போல நெடுக்கு நூல். அவள் படத்தில் அத்தனையும் குறுக்கு நூல். படத்தைப் பார்த்துத்தான் கடையில் வேலையைப் பிரித்துக் கொடுத்தார் சோலைராஜின் அப்பா. கற்பனை மருமகளுக்கு, மிஷின் மகனுக்கு.

இதில் மகனுக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் கடைக்கு வரி எழுதிக்கொண்டிருந்தவன் அவன்தான். சிநேகிதன் ஒருவனின் கல்யாணத்துக்கு, ‘மாப்பிள்ளை சிரிக்கிறான் பாருங்கள், அவனுக்கு இன்னும் விவரம் தெரியாது’ என்று எழுதி, அது பந்தலில் ஏறுவதற்குள் அப்பா பார்த்துக் கிழித்துப் போட்டார். பிறகு நூல்படம் வந்ததும் அதை அவன் முன்னால் வைத்து, உனக்கு எழுத்து வராதுடா, படமே சொல்கிறது என்றார். அவன் நம்பினான். படம் பொய் சொல்லுமா? கொஞ்ச நாளில் வரியும் வராமல் போயிற்று. மிஷின் பழகிவிட்டது, கணக்கும் பிடித்துப்போனது. தமயந்தி முதலில் திணறினாலும் அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் அவள் எழுதிய வரிகளைப் பார்த்து ஊரே சிரித்தது. பார்த்தாயா என்றார் அப்பா. அந்தப் பெருமையோடு போன வருஷம் கண்ணை மூடினார்.

படம் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். வாய் பேசிச் சிரிக்க வைத்தது, கை வம்பு செய்தது. கட்டிலின் பக்கக் கம்பியில் ஒரு திருகு இருந்தது. இடது கை அதைத் தேடிப் போய்த் திருகித் திருகிக் கழற்றிவிடும். மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பியையும் விடவில்லை. நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. துணி நாடாவால் அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டாள். தமயந்தி அதைப் பார்த்து, “பாவங்க அது,” என்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அவன் மாமியார் பேச்சியம்மாள் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் வந்துவிட்டது, மறுநாள் வைத்தியம் ஆரம்பிக்கிறார்கள் என்று சோலைராஜ் சொன்னதும், அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“மாப்ள, அந்தப் படத்த வச்சு வைத்தியம் பாக்க வேணாம்.”

“ஏன் அத்தை?”

“அது அவ படமில்ல.”

பிறகு அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்க அவனால் முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தமயந்திக்குக் கல்யாணத்துக்கு எடுத்த படத்தில் ஓடியது முழுக்க நெடுக்கு நூல். அவளும் அப்படித்தான் இருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே வீட்டில் மிக்ஸி, மோட்டார் எதையும் விட்டுவைக்காமல் கழற்றி மாட்டுவாள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த வரன் எல்லாம் பதில் சொல்லாமலே போயிற்று. தாய் தகப்பன் இடிந்துபோய் இருந்த நேரத்தில், தரகர் வேறொரு கதையோடு வந்தார். சிம்மக்கல்லில் ஒரு பையன், படத்தில் குறுக்கு நூலாக ஓடுகிறது, அவன் அப்பாவும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஜாதகத்தில் ஒரு கட்டத்தை நகர்த்தி எழுதி எத்தனை கல்யாணம் நடத்தியிருக்கிறோம், இது என்ன பெரிய விஷயம் என்று சொல்லி, இரண்டு படத்துக்கும் பெயரை மாற்றிப் போட்டார். பொருத்தம் அள்ளிக்கொண்டு வந்தது.

“எங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருக்குத் தெரியாமயா? ரெண்டு வீட்டுக்கும் தெரியும். கட்டிக்கிட்ட ரெண்டு பேருக்குத்தான் தெரியாது.” பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “தப்புன்னு அப்பத் தோணல மாப்ள. எது யாருதா இருந்தா என்னா, ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான இருக்கப் போகுதுன்னாரு தரகரு.”

சோலைராஜுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிடிபடவில்லை. உனக்கு எழுத்து வராது என்று அப்பா நீட்டிய படம் அவனுடையதே இல்லை. அவர் அதைத் தெரிந்தே நீட்டியிருக்கிறார். செத்துப்போன மனிதரிடம் போய் என்ன சண்டை போடுவது? அப்படியானால் வரி எழுதுகிற மூளை அவனுடையதா? பிறகு தமயந்தி எழுதியதெல்லாம்? மிஷினைப் பிரித்து மேய்கிற மூளை அவளுடையது என்றால், இத்தனை வருஷம் மிஷினோடு கிடந்தது யார்?

அதற்குமேல் ஒன்று ஞாபகம் வந்து உறுத்தியது. கல்யாணமான புதிதில் தமயந்தி மிஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இதை ஒரு தடவை நான் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். உனக்கு எதுக்கு இது, நீ வரியைப் பாரு என்று அவன் சொல்லிவிட்டான். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் மக்கர் பண்ணிய மிஷின் சில நாள் காலையில் வந்து பார்த்தால் தானாக ஓடும். கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

டாக்டர் ஹெப்சிபாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் இரண்டு பேரின் கல்யாணப் படங்களையும் வரவழைத்துத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, சரிபார்த்துவிடலாம், உங்களுக்கு இப்போதே ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று அவனை மிஷினுக்குள் படுக்க வைத்தாள். தமயந்திக்கு ஏன் புதுப்படம் எடுக்கக் கூடாது என்று கேட்டதற்கு, அறுந்த பிறகு எடுத்தால் அறுந்ததுதான் தெரியும் என்றாள்.

அவன் எழுந்து வந்தபோது டாக்டரின் முகம் சரியாக இல்லை.

“உங்க அத்தை சொன்னது உண்மை,” என்றாள். “மூளையோட மடிப்பு கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேற, மாறவே மாறாது. அத வச்சுப் பாத்தா உங்க மனைவி பேருல இருக்குறதுதான் உங்க பழைய படம். உங்க பேருல இருக்குறது அவங்களது.”

“அப்ப என் பேருல இருக்குறத எடுத்து அவளுக்கு வச்சிருங்க டாக்டரம்மா. முடிஞ்சுதுல்ல?”

“முடியல. இதப் பாருங்க. இது இன்னைக்கு உங்களுக்கு எடுத்தது.” அவள் மூன்றாவது படத்தைக் கொண்டுவந்தாள். தண்டவாளம் போல நெடுக்கு நூல். “மடிப்பு உங்களோடது. இழை ஓடுறது மட்டும் உங்க பேருல இருக்குற அவங்க படத்துல ஓடுற மாதிரியே ஓடுது. இப்படித்தான்னு உங்ககிட்டச் சொல்லிட்டாங்க. நீங்களும் அப்படியே இருந்து பழகிட்டீங்க. நடந்த பாதை அகலமாயிருச்சு, நடக்காத பாதையில புல்லு மொளச்சிருச்சு. ஓரளவு மாறும்னு தெரியும். இவ்வளவு மாறி நான் பாத்ததில்ல.”

சோலைராஜ் மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். தன் பழைய படத்தில் குறுக்கே பின்னிக் கிடந்த நிறங்களை விரலால் தொட்டுப் பார்த்தான். வரி எழுதிய அந்தப் பையன் செத்துப்போனான், யாரும் தனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று இருந்தது.

“அப்ப, விழுறதுக்கு முன்னாடி தமயந்தியோடது?”

“உங்களுக்கு மாறுனா அவங்களுக்கும் மாறியிருக்கும். அவங்க பேருல இருக்குற பொய்ப்படம் மாதிரியே ஆகியிருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தி இருந்த பொண்ணு வேணும்னா உண்மைப் படம். இப்ப உங்ககூட இருந்தவங்க வேணும்னா பொய்ப்படம். ஞாபகம் எதுவும் இதுல போகாது, அது எப்படியும் அவங்ககிட்டயே இருக்கும். இது ரோடு மட்டுந்தான்.”

“எதுல போனா அவளுக்குக் கற்பன வரும்?”

“ரெண்டுலயும் வரும்.” டாக்டருக்கு லேசாகக் கோபம் வந்தது. “கற்பனை ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே அளவுதாங்க. போற வழிதான் சராசரியில கொஞ்சம் வேற. அதுவும் ஆயிரக்கணக்கான பேரக் கூட்டிப் பாத்தாத் தெரியுற வித்தியாசம். ஒத்த ஆள நிறுத்தி வச்சு நீ இப்படித்தான் இருக்கணும்னு நாங்க சொல்லவே இல்ல. அதக் கொண்டுபோய் ஜாதகத்துல ஒட்டுனது நீங்க.”

எந்த வழியும் காட்டாமல் இழையை வளரவிட்டால் என்ன என்று அவன் கேட்டான். கண்ட இடத்தில் போய்ச் சிக்கி வலிப்பு வரும் என்றாள் டாக்டர். தள்ளிப்போடவும் முடியாது, காயம் ஆறிவிட்டால் மருந்து ஏறாது. எதை வைப்பது என்று நோயாளிதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சட்டம் அப்படி, போய்க் கேட்டு வாருங்கள் என்று இரண்டு படங்களையும் அச்செடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வார்டுக்கு நடக்கும்போது அவன் மனசு ஒரு நிலையில் இல்லை. பொய்ப்படத்தை வைத்தால் தனக்குத் தெரிந்த தமயந்தி திரும்பி வருவாள். அதுதானே வேண்டும்? ஆனால் அந்தப் பொய்ப்படம் அவனுடைய பழைய மூளை. பெண்டாட்டி வேண்டும் என்று நினைக்கிறேனா, இல்லை செத்துப்போன அந்தப் பையனை அவள் தலைக்குள் உயிரோடு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேனா என்று அவனுக்கே புரியவில்லை. உண்மைப்படத்தை வைக்கலாம். அதிலிருந்து எழுந்து வருகிற பெண் யார்? அவளை அவன் பார்த்ததுகூட இல்லை. மிஷின் பக்கத்தில் ஒரு நாள் வந்து நின்றாள், விரட்டிவிட்டான், அவ்வளவுதான் பழக்கம்.

தமயந்தியிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். தரகருக்கு நாம ஒரு பேனர் வைக்கணுங்க என்றாள். பிறகு சிரிப்பு நின்று, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையை இழுத்து, இரண்டு படங்களையும் அதன்மேல் வைத்தான். வலது பக்கம் அவள் பெயர் போட்ட பொய்ப்படம். இடது பக்கம் அவன் பெயர் போட்ட, அவளுடைய உண்மைப்படம். எது வேண்டும் என்று கேட்டான்.

“இது என்னா கேள்வி?” என்றாள் அவள். “என் பேருல இருக்குறதுதான். அந்தப் பொண்ணு யாருன்னே எனக்கு மறந்துபோச்சுங்க. இத்தன வருசமா நான் இதுதான். வரி எழுதுறவ. அது பொய்யின்னா நானும் பொய்யின்னு ஆயிரும்ல?”

சோலைராஜ் தலையை ஆட்டினான். படங்களை எடுக்கக் குனிந்தபோது, கட்டிலோடு கட்டியிருந்த இடது கை நாடாவை இழுத்து இழுத்து அசைவதைப் பார்த்தான். அவனுக்கு என்ன தோன்றியதோ, முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

கை தயங்கவில்லை. பலகைமேல் ஏறி, இடது பக்கம் இருந்த படத்தைத் தொட்டது. விரல்களால் அதன் ஓரத்தைத் தடவியது. பிறகு அதைக் கசங்கும்படி இறுக்கிப் பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டது.

“ஐயோ, இது எதுக்கு அத எடுக்குது?” என்றாள் தமயந்தி. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. “நான் எடுக்கலங்க. அது சொல்றதக் கேக்காதீங்க.” கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அதுக்கு என்னா வேணுமாம்?”

என்ன வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

டாக்டரிடம் இரண்டையும் சொன்னான். வாய் இதைச் சொல்கிறது, கை அதைப் பிடிக்கிறது, எது தமயந்தி என்று கேட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இதற்காகவே படித்தவள் நான், எனக்குத் தெரியவில்லை என்றாள். சட்டம் வாயை மட்டும்தான் கேட்கிறது. கைக்கு வாயில்லை.

ஆக, வாய் சொன்னதே நடந்தது. அவன் வேறென்ன செய்ய முடியும்? நினைவோடு இருக்கிற பெண் தெளிவாகச் சொன்னதைத் தள்ளிவிட்டு, உன்னைவிட உன் கையை எனக்குத் தெரியும் என்று ஒரு புருஷன் சொல்ல முடியுமா? ஏற்கெனவே இரண்டு வீட்டு ஆட்கள் அப்படிச் சொல்லித்தானே இந்தக் கதை? ஆனால் மறுநாள் அவளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனபோது இடது கை அந்தப் படத்தை இன்னும் விடவில்லை. நர்ஸ் கையை நீட்டினாள். சோலைராஜ் அவளைத் தடுத்து, தானே ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கட்டை விரல்தான் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்கும்போது அவன் அழுதான். தமயந்தி வலது கையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, எதுக்கு அழுகுறீங்க, நான் வந்துருவேன் என்றாள்.

வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் பித்தான் போடுகிற கையைப் பித்தான் கழற்றுகிற கை தொந்தரவு செய்வது நின்றுபோனது. இடது கை சொன்னதைக் கேட்டது. மற்ற நேரத்தில் மடியில் கிடந்தது. பேச்சியம்மாள் அழகர்கோயிலில் நேர்த்திக்கடனைச் செலுத்தினாள். டாக்டர் ஹெப்சிபா படம் எடுத்துப் பார்த்து, பாலம் நன்றாகக் கூடிவிட்டது என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

தமயந்தி முன்னைவிட வேகமாக எழுதினாள். கடையில் கூட்டம். ஒரு நாள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை படத்தோடு வந்து நிற்க, அவள் யோசிக்கக்கூட இல்லை, திரையில் எழுதிவிட்டாள்: ‘மாப்பிள்ளை சிரிக்கிறான் பாருங்கள், அவனுக்கு இன்னும் விவரம் தெரியாது.’

வந்தவர்கள் சிரித்தார்கள். சோலைராஜ் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தான். இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டான். எங்கயும் பாக்கலையே, தோணுச்சு என்றாள். அவன் அவளிடம் சொன்னதில்லை. கிழித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாபகம் போகாது, ரோடு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். இது எல்லாருக்கும் தோன்றக்கூடிய ஒரு கேலிதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கப்புறம் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. தொலைந்துபோனவன் திரும்பி வந்துவிட்டான். அவன் வந்து உட்கார்ந்த இடம் யாருடையது?

அன்றிலிருந்து அவன் ஒரு காரியம் செய்தான். காலையில் கடை திறந்ததும் தமயந்தியின் மேசையில், இடது கைப் பக்கமாக, ஒரு திருப்புளியை வைத்தான். மிஷினைத் திறந்து பார்க்கிறாயா என்று கேட்டும் பார்த்தான். அந்த அழுக்கெல்லாம் உங்களோடு இருக்கட்டும் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இடது கை திருப்புளியைத் தொடவில்லை. சாயங்காலம் அவன் அதை எடுத்துப் பெட்டியில் போடுவான்.

தை மாதம் முகூர்த்த நெரிசலில் மிஷின் நின்றுவிட்டது. காதுகுத்து வீட்டுக்காரர் ஒருவர் துணிக்காகக் காத்து நின்றார். தமயந்தி மிஷினுக்கு முதுகைக் காட்டித் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவரிடம் பேச்சுக் கொடுத்து வரியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். சோலைராஜ் மல்லாந்து படுத்து மிஷினுக்கு அடியில் நுழைந்தான். மை தெளிக்கிற தலைப்பகுதியில் ஒரு திருகு இறுகிப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரு குதூகலம். இது யாருடைய குதூகலம் என்று இப்போதெல்லாம் அவன் கேட்டுக்கொள்வதில்லை. கையிலிருந்த திருப்புளி பெரிதாக இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கையை வெளியே நீட்டித் தரையில் துழாவினான்.

உள்ளங்கையில் ஒரு திருப்புளி வந்து உட்கார்ந்தது. அந்தத் திருகுக்கென்றே செய்த அளவு.

தலையைச் சாய்த்துப் பார்த்தான். தமயந்தி இன்னும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். வலது கை திரையில் எழுதிக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் பின்பக்கமாக, அவனை நோக்கி நீண்டிருந்தது.

“தமயந்தி.”

“என்னங்க?”

“இந்தத் திருப்புளிதான்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“எந்தத் திருப்புளி?” என்றாள் அவள், திரும்பாமலே. காதுகுத்து வீட்டுக்காரர் ஏதோ சொல்ல, அவரோடு சேர்ந்து சிரித்தாள்.

அவன் திருப்புளியைத் திருகில் வைத்து, மல்லாந்து கிடந்ததில் பக்கம் குழம்பி, வலது பக்கமாகத் திருப்பப் போனான். வெளியே அந்தக் கை, வேண்டாம் என்பதுபோல ஒரு தடவை அசைந்தது. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, மெதுவாக, அவனுக்குப் புரியும்படியாக, இடது பக்கமாகச் சுற்றிக் காட்டியது.

அவன் இடது பக்கமாகவே திருப்பினான்.